சார்லஸ் பாலத்தைக் கதையோடு கடப்பது எப்படி

பிராக் நகரத்தில் எங்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் சார்லஸ் பாலத்துக்கு ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் கால் மணி. நடுவில் நின்று, பின்னால் கோட்டை தெரிகிற மாதிரி ஒரு படம். ஒரு சிலையின் அடியில் பளபளக்கும் வெண்கல நாயை ஒரு தடவல். அப்புறம் அக்கரையில் காபி. 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள், 15 தூண்கள், அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆற்றோடு மல்லுக்கட்டிய உடம்பு. அந்தப் பாலத்துக்குக் கால் மணி என்றால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நான் பாலங்களில் விரிசல் தேடிச் சம்பளம் வாங்குகிறவன். அந்தக் கண்ணோடு இதைப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. இந்தப் பாலத்தில் எங்கெல்லாம் பேய்க்கதையும் புனிதர் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவோ, அங்கெல்லாம் ஏதோ ஒரு காலத்தில் நிஜமாகவே அடி விழுந்திருக்கிறது. வளைவு இடிந்திருக்கும், சிலை உடைந்திருக்கும், ஆள் செத்திருப்பார். அதனால் நான் யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதலில் காயத்தைக் காட்டுவேன், கதையை அதற்குப் பிறகுதான் சொல்வேன். நீங்களும் அப்படிப் போவதாக இருந்தால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வழி கீழே.

எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து

விடியற்காலை. வேறு பதில் கிடையாது. கோடையில் ஒன்பது மணி தாண்டிவிட்டால் மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம், கல்லைப் பார்க்க முடியாது. பாலத்துக்குச் சீட்டு இல்லை, பூட்டும் இல்லை. இரு கரைகளிலும் உள்ள கோபுரங்களில் ஏறத்தான் காசு.

பழைய நகரப் பக்கம், அதாவது கிழக்குக் கரையில் தொடங்குங்கள். ஏ மெட்ரோவில் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. காலை வெயில் முதுகில் விழும், கோட்டை எதிரே வெளிச்சத்தில் நிற்கும், கதைகளும் ஏறக்குறைய வரிசையாக வரும். முட்டி வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். எங்கள் அத்தை நிதானமாக நடந்து முடித்தார். கல் பாவிய தளம், தட்டையான செருப்பு இருந்தால் போதும்.

இடம் சொல்ல ஒரு சின்ன ஏற்பாடு. கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது உங்கள் இடக்கைப் பக்கம் தெற்கு, வல்டவா ஆறு வருகிற திசை. வலக்கைப் பக்கம் வடக்கு, ஆறு போகிற திசை. தூணுக்கு இரண்டாக மொத்தம் 30 சிலைகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஆகவே ‘ஐந்தாவது ஜோடி, வலது’ என்று சொன்னால் வழி தவற முடியாது.

பாலத்தில் ஏறும் முன் தாடிக்காரர்

நேராகப் பாலத்தில் ஏறிவிடாதீர்கள். கோபுரத்துக்கு வடக்கே, ஆற்றங்கரைச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கல் முகம் பதிந்திருக்கிறது. தாடி வைத்த ஆண் முகம். ஊர்க்காரர்கள் பிரடாச் என்பார்கள், தாடிக்காரர் என்று அர்த்தம். பாலத்தின் தொடக்கத்தில் வலப்பக்கக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துத் தேடுங்கள். படகில் போனால் இன்னும் சுலபமாகக் கண்ணில் படும்.

இவர் சார்லஸ் பாலத்தைச் சேர்ந்தவரே அல்ல. அதற்கு முன்னால் கிட்டத்தட்ட இதே இடத்தில் நின்ற யூதித் பாலத்தின் மிச்சம். இரண்டாம் விளாதிஸ்லாவ் அரசரின் மனைவி யூதித் பெயரில், 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கல் பாலம் அது. 1342 பிப்ரவரியில் ஆற்றில் உறைந்திருந்த பனி உடைந்து, பாளம் பாளமாக வந்து மோதி, பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பாலத்தின் ஒரு வளைவு இன்றும் கரையோரக் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. சுற்றுலாப் படகுகள் அதன் கீழேதான் நிற்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் கரைச்சுவர் எழுப்பியபோது தாடிக்காரரை அதில் எடுத்து வைத்தார்கள்.

கதை இது. அவர்தான் பாலத்தைக் கட்டிய கொத்தனார், தன் முகத்தைத் தானே செதுக்கி வைத்தார். தண்ணீர் அவர் தாடியைத் தொட்டால் கரையோரத்தில் இருப்பவர்கள் மூட்டை கட்ட வேண்டும். மூக்கைத் தொட்டால் பழைய நகரச் சதுக்கம் நனையும். தலை மூழ்கினால் பிராக் முழுவதும் போச்சு. கொத்தனார் கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அளவுகோல் என்ற பகுதி சும்மா சொன்னதல்ல. எண் எழுதிய கம்பம் வருவதற்கு முன் ஊர் மக்கள் வெள்ளத்தை இந்த முகத்தை வைத்துத்தான் அளந்தார்கள். ஒரு பாலத்தை முழுசாக இழந்த ஊர், அடுத்த முறை எப்போது ஓட வேண்டும் என்பதைக் கல்லிலே குறித்து வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த நகரத்தின் மிக உபயோகமான சிலை இதுதான். 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் அவர் தலையும் மூழ்கியது. நகரத்தின் தாழ்வான பகுதிகள் தண்ணீருக்குள் போயின. பாலம் நின்றது.

நல்ல நேரமும் முட்டையும்

பழைய பாலம் போய் 15 ஆண்டு கழித்து, நான்காம் சார்லஸ் பேரரசர் புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1357, ஜூலை 9, காலை 5 மணி 31 நிமிடம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் என்று எழுதிப் பாருங்கள்: 1-3-5-7-9-7-5-3-1. ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்குகின்றன. ஒரு பாலத்தின் வளைவு மாதிரியே இருக்கிறது, அழகுதான். ஆனால் இந்த ‘5:31’ அந்தக் காலத்து ஏடு எதிலும் இருந்து வந்ததல்ல. 20-ஆம் நூற்றாண்டில் வானியல் வரலாற்றை ஆராய்ந்த ஒருவர், அரசரின் ஜோதிட நம்பிக்கையையும் அன்றைய கிரக நிலையையும் வைத்துப் போட்ட கணக்கு. 1357-இல் நிமிட முள் உள்ள கடிகாரமே கிடையாது. இதை விளக்கிக்கொண்டிருந்தபோது என் மாமனார், “அன்னைக்கு என்ன கிழமை?” என்றார். பழைய நாட்காட்டிப்படி ஞாயிறு. “ராகு காலம் சாயங்காலம்தானே, அப்ப சரி” என்று அவரளவில் விஷயத்தை முடித்துக்கொண்டார்.

கட்டியது யார்? நெடுங்காலம் பீட்டர் பார்லர் பெயரை மட்டுமே சொன்னார்கள். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தை எழுப்பியவர்களில் முக்கியமானவர் அவர். இப்போது, பாலத்தைத் தொடங்கியவர் ஓட்டோ என்ற தலைமைக் கொத்தனார், பார்லர் பின்னால் வந்து சேர்ந்தார் என்கிறார்கள். வேலை முடிவதற்குள் 15-ஆம் நூற்றாண்டு பிறந்துவிட்டது. அரசர் 1378-இலேயே இறந்துவிட்டார். ‘சார்லஸ் பாலம்’ என்ற பெயரும் அவர் கேட்டதல்ல, 1870-இல்தான் வந்தது. அதுவரை ‘கல் பாலம்’, இல்லையென்றால் ‘பிராக் பாலம்’. 1841-இல் சங்கிலித் தொங்குபாலம் ஒன்று திறக்கும்வரை நகரத்துக்குள் ஆற்றைக் கடக்க இது ஒன்றுதான் பாலம். அப்புறம் தனிப்பெயர் எதற்கு?

முட்டைக் கதையை இங்கேயே சொல்லிவிடுங்கள், கோபுரத்தின் கல் இடுக்குகளைக் காட்டிக்கொண்டே. சுண்ணாம்புக் காரை இறுக வேண்டும் என்று அரசர் நாடெங்கும் ஆளனுப்பி முட்டை கேட்டாராம். வண்டி வண்டியாக வந்து இறங்கியது. வெல்வரி என்ற ஊர்க்காரர்கள், வழியில் உடைந்துவிடுமே என்று கவலைப்பட்டு, முட்டையை வேகவைத்து அனுப்பிவிட்டார்கள். உன்ஹோஷ்ட் ஊரிலிருந்து பாலாடைக்கட்டி வந்ததாம். செக் மக்கள் இன்றைக்கும் வெல்வரிக்காரர்களை இதைச் சொல்லிச் சீண்டுவார்கள்.

பொறியாளனாக என் கருத்து: சுண்ணாம்பில் முட்டைப் புரதம் சேர்த்தால் காரை குழைவாக வரும், நுண்ணிய காற்றுக் குமிழ்கள் சேரும், பனியில் உறைந்து உருகும்போது அது உதவும். ஆகவே யோசனை பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் இத்தனை பெரிய பாலத்தின் மொத்தக் காரைக்கும் முட்டை என்றால் போஹீமியாவில் ஒரு கோழி மிஞ்சியிருக்காது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த வேகவைத்த முட்டைதான். உத்தரவைச் சரியாகக் கேட்டு, காரணத்தைக் கேட்காமல் விட்ட ஆட்களை நான் ஒவ்வொரு கட்டுமான இடத்திலும் பார்த்திருக்கிறேன்.

கோபுரத்தின் இரண்டு முகங்கள்

இப்போது கோபுரத்தின் கிழக்கு முகத்தைப் பாருங்கள். நடுவில் வீட்டஸ் புனிதர், இரு பக்கமும் அமர்ந்த நிலையில் நான்காம் சார்லஸும் அவர் மகன் நான்காம் வாட்ஸ்லாவும். ஓரங்களில் ஒரு சின்னப் பறவையைத் தேடுங்கள், முறுக்கிய துணி வளையத்துக்குள் மீன்கொத்தி. அது வாட்ஸ்லாவின் சின்னம். குழந்தைகள் கூட இருந்தால் எத்தனை மீன்கொத்தி என்று எண்ண விடுங்கள், உங்களுக்குப் பத்து நிமிடம் அமைதி கிடைக்கும்.

பிறகு வளைவுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பாருங்கள். மேற்கு முகம் மொட்டை. சிற்பம் இல்லை, அலங்காரம் இல்லை. பணம் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துவிடத் தோன்றும். காரணம் 1648. முப்பதாண்டுப் போரின் கடைசி மாதங்களில் ஸ்வீடன் படை மேற்குக் கரையைப் பிடித்துக்கொண்டு, பாலத்தின் வழியே பழைய நகரத்துக்குள் நுழையப் பார்த்தது. மாணவர்களும் நகரத்தாரும் இந்தக் கோபுரத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மாணவர்களை நடத்தியவர் யிர்ஷி பிளாகி என்ற ஏசுசபைப் பாதிரியார். பீரங்கிக் குண்டு அத்தனையும் இந்த முகத்தில்தான் விழுந்தது. நகரம் விழவில்லை.

இதே கோபுரத்துக்கு இன்னொரு இருண்ட கதை. 1621, ஜூன் 21. பேரரசருக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் என்று 27 பேரைப் பழைய நகரச் சதுக்கத்தில் கொன்றார்கள். 12 தலைகளைக் கொண்டுவந்து இந்தக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். அவற்றில் ஒன்று யான் யெசேனியுஸ் என்ற மருத்துவருடையது. 1600-இல் பிராக் நகரத்தில் பலர் முன்னால் மனித உடலை அறுத்துக் காட்டி விளக்கியவர் அவர். தலைகளில் பெரும்பாலானவை பத்தாண்டு காலம் அங்கேயே இருந்தன. 1631-இல் சாக்சனிப் படை ஊருக்குள் வந்தபோதுதான் இறக்கினார்கள். பாலத்தில் பால் வாங்கப் போனவர்கள், திருமணத்துக்குப் போனவர்கள் எல்லோரும் பத்தாண்டு அதன் கீழே நடந்திருக்கிறார்கள். அப்படி ஒரு இடத்தில் பேய் நடமாடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கதை சொல்வது: ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள் இரவில் அவர்கள் கூட்டமாக நடந்து சதுக்கத்தின் வானியல் கடிகாரத்தைப் பார்க்கப் போவார்கள். கடிகாரம் சரியாக ஓடினால் நாட்டுக்கு நல்லது என்று நிம்மதியாகத் திரும்புவார்கள். நின்றிருந்தால் தலை குனிந்து திரும்புவார்கள்.

சின்னக் குழந்தைகள் கூட வந்தால் இந்தப் பத்தியைத் தாவிவிடுங்கள்.

ஜோடி எண்ணிக்கொண்டு நடப்பது

சிலைகளில் பெரும்பாலானவை 1683-க்கும் 1714-க்கும் இடையில் வந்தவை. பாலம் கட்டி முடித்து முந்நூறு ஆண்டு சும்மாதான் கிடந்தது, ஒரு சிலுவையைத் தவிர. எல்லாவற்றையும் நின்று பார்க்க முயலாதீர்கள், ஏழாவதிலேயே அலுத்துவிடும். நான் காட்டுவது சிலதான்.

மூன்றாவது, வலது: சிலுவை. ஏசுவைச் சுற்றித் தங்க எழுத்தில் எபிரேய வாசகம், ‘பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர், சேனைகளின் கர்த்தர்’. அழகாக இருக்கிறதே என்று படம் எடுப்பதற்கு முன் அடியில் உள்ள பலகையைப் படியுங்கள். 1696-இல் எலியாஸ் பாக்கோபன் என்ற யூதத் தலைவரைத் தெய்வநிந்தனை வழக்கில் மாட்டிவைத்து, அவர் செலவிலேயே இந்த எழுத்துகளை வைக்கச் செய்தார்கள். தன் வேதத்தின் புனிதமான வரி எதிரிச் சின்னத்தைச் சுற்றி நிற்பதை அவர் சமூகத்தார் தினம் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதே தண்டனை. விளக்கப் பலகை வைக்க 2000-ஆம் ஆண்டு வரை ஆனது.

ஐந்தாவது ஜோடி. இங்கே சிலையை விட்டுவிட்டுக் காலுக்குக் கீழே யோசியுங்கள். 1890 செப்டம்பர் வெள்ளத்தில், மேலே இருந்து அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டைகள் தூண்களுக்கிடையே சிக்கிக் குவிந்தன. ஆறு அடைபட்டது. தண்ணீர் வளைவுக்குள் நுழைய வழியில்லாமல் தூணின் அடியைத் தோண்ட ஆரம்பித்தது. மூன்று வளைவுகள் விழுந்தன. வலப்பக்கம் நின்ற இக்னேஷியஸும் இடப்பக்கம் நின்ற பிரான்சிஸ் சேவியரும் ஆற்றோடு போனார்கள். சேவியருக்கு நகல் செய்து வைத்தார்கள். இக்னேஷியஸ் இடத்தில் 1938-இல் சிரிலும் மெதோடியுஸும் வந்தார்கள், அதனால்தான் அந்தச் சிலை மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி, நேர்கோடாக, இந்தக் காலத்து முகத்தோடு நிற்கிறது. பாலம் 1892-இல் மறுபடி திறந்தது.

கல் பாலத்தைக் கொல்வது மேலே போகும் பாரம் அல்ல, கீழே போகும் தண்ணீர். இதைக் கூட வந்தவர்களுக்குப் புரியவைக்க நல்ல இடம் இது. இடப்பக்கம் எட்டிப் பாருங்கள். தூண்களுக்கு முன்னால், ஆற்றுக்குள், மரக்கட்டைகளை முக்கோணமாகச் சேர்த்துக் கட்டிய அமைப்புகள் சாய்ந்து நிற்கும். பனிப்பாளமும் மிதக்கும் மரமும் தூணில் நேராக மோதாமல் முதலில் அதில் மோதி உடையட்டும் என்று வைத்தவை. 1342, 1432, 1784, 1890 என்று நான்கு பாடம் படித்த ஊர்.

பாரத்தைப் பொறுத்தவரை இந்தப் பாலம் கொடுத்துவைத்தது என்று சொல்ல மாட்டேன். 1883-இல் குதிரை டிராம். 1905-இல் மின்சார டிராம். மேலே கம்பி இழுத்தால் பாலத்தின் அழகு கெடும் என்று பிரான்டிஷேக் கிருஷீக் என்ற மின்பொறியாளர் தரையில் பதித்த தொடுகைகள் வழியே மின்சாரம் கொடுத்தார். மூன்றே ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். பிறகு பேருந்து, கார். 1960-களின் நடுவில்தான் வண்டிகளுக்கு முற்றுப்புள்ளி. கைப்பிடிச் சுவரில் அங்கங்கே வெளிறிய கற்கள் தெரிந்தால் அவை 2007 முதல் 2010 வரை நடந்த பழுதுபார்ப்பில் வைத்தவை. மணற்கல் வெட்டியபோது வெளிர்நிறம். புகையும் காலமும் சேர்ந்து கருப்பாக்கிவிடும். “தீப்பிடிச்சுதா?” என்று என்னிடம் கேட்காதவர்களே இல்லை.

நெபோமுக்கும் பிசாசும்

எட்டாவது, வலது. கூட்டம் எப்போதும் இங்கேதான். தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம், வெண்கல உடம்பு. 1683-இல் வந்தது, பாலத்தில் இப்போது நிற்கும் சிலைகளில் மூத்தது. மற்ற பல சிலைகள் மணற்கல், மழையில் கரைந்ததால் நகல் வைத்திருக்கிறார்கள். இது வெண்கலம், அசல்.

நிஜத்தில் நடந்தது இது. யான் நெபோமுக் என்ற பாதிரியார் பிராக் பேராயரின் தலைமை உதவியாளர். க்ளாட்ருபி மடத்துக்கு யாரைத் தலைவராக்குவது என்பதில் பேராயருக்கும் நான்காம் வாட்ஸ்லாவ் அரசருக்கும் தகராறு. யான் பேராயர் பக்கம் நின்று, புதிய மடத்தலைவரின் நியமனத்தை உறுதிசெய்துவிட்டார். அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. பிடித்துச் சித்திரவதை செய்து, 1393 மார்ச் 20 இரவில் இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினார்கள். மொத்தத்தில் பதவிச் சண்டை.

பதவிச் சண்டைக்கு யாரும் மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டார்கள். அடுத்த நூற்றாண்டிலேயே கதை மாறியது. யான் அரசியின் பாவமன்னிப்புப் பாதிரியார்; அரசி என்ன சொன்னாள் என்று அரசர் கேட்டார்; அவர் வாயைத் திறக்கவில்லை; அதனால் கொன்றார்கள்; உடல் விழுந்த இடத்தில் தண்ணீர் மேல் ஐந்து நட்சத்திரங்கள் மின்னின. 16-ஆம் நூற்றாண்டின் ஒரு சரித்திர நூல் சாவின் ஆண்டைத் தவறாக 1383 என்று எழுதிவைக்க, அதுவே பரவியது. பீடத்தில் உள்ள லத்தீன் எழுத்தைப் பாருங்கள், ரோமன் எண்ணில் 1383 என்றே இருக்கும். முந்நூறாம் ஆண்டு நினைவாக 1683-இல் சிலை வைத்தார்கள், பத்தாண்டு முன்னதாகவே. 1719-இல் கல்லறையைத் திறந்தபோது மண்டையோட்டுக்குள் சிவந்த திசு ஒன்று கிடைத்தது. ரகசியம் காத்த நாக்கு அழியவில்லை என்று ஊரே கொண்டாடியது. 1729-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து பார்த்ததில் அது மூளைத் திசு. இதையெல்லாம் சொன்னாலும் என்னோடு வருகிறவர்கள் தடவாமல் நகர்வதில்லை. சரி, தடவுங்கள். ஆனால் பளபளக்கும் நாய் சும்மா வந்த வழக்கம். அவரைத் தள்ளும் காட்சி பீடத்தின் வலப்பக்கத் தகட்டில் இருக்கிறது. அதைவிட, தள்ளிய இடம் என்று சொல்லப்படுவது சிலைக்குச் சற்று முன்னால், வலப்பக்கக் கைப்பிடிச் சுவரின் மேல், ஐந்து நட்சத்திரம் பதித்த சிறு சிலுவை. அங்கே வரிசை இருக்காது.

பிசாசுக் கதைக்கு இந்த இடம்தான் பொருத்தம். பாதிரியாரைத் தள்ளிய இடத்தில் வளைவு இடிந்துவிட்டது, யார் கட்டினாலும் இரவில் விழுந்துவிடுகிறது என்று தொடங்கும். (1432 வெள்ளத்தில் தூண்கள் நிஜமாகவே உடைந்தன, பழுதுபார்க்கும் வேலை ரொம்ப நாள் இழுத்தது. பாதிரியாரின் சாவும் வெள்ளமும் கதையில் ஒன்றாகிவிட்டன.) கொத்தனாரிடம் பிசாசு வந்தது. வளைவை நிற்க வைக்கிறேன், முதலில் கடக்கும் உயிர் எனக்கு. அவன் ஒப்புக்கொண்டு, ஒரு சேவலை விடலாம் என்று கூண்டோடு வைத்திருந்தான். விடிவதற்குள் பிசாசு கூலியாள் வேடத்தில் அவன் வீட்டுக்கு ஓடி, “உன் புருஷன் மேலேருந்து விழுந்துட்டான்” என்றது. நிறைமாத மனைவி அலறிக்கொண்டு பாலத்தில் ஓடி வந்தாள், சேவலுக்கு முன்னால். அன்றிரவே அவளும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அதன் பிறகு பல காலம் பாலத்தில் இரவில் யாரோ தும்மும் சத்தம் கேட்டது. பிறக்காத அந்தக் குழந்தைதான். ஒருநாள் வழிப்போக்கன் ஒருவன், தும்மல் கேட்ட பழக்கத்தில், கடவுள் காக்கட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தான். இருட்டிலிருந்து நன்றி வந்தது, தும்மல் நின்றது. இதை நான் சொல்லி முடித்ததும் எங்கள் அத்தை ஆற்றைப் பார்த்து, தன்னை அறியாமல் “நூறு” என்றார்.

கத்தி எங்கே?

இனி கொஞ்சம் வேகமாக நடக்கலாம். பன்னிரண்டாவது, இடது: மத்தியாஸ் பிரவுன் 1710-இல் செய்த லுட்கார்டா என்ற பெண் புனிதர். சிற்பம் தெரிந்தவர்கள் இதைத்தான் பாலத்தில் சிறந்தது என்பார்கள். பதினான்காவது, இடது: கைதிகளுக்குக் காவலாகத் தொப்பையோடு நிற்கும் துருக்கியர், கூடவே ஒரு நாய். குழந்தைகளுக்கு இவர்தான் பிடிக்கும், மேலே நிற்கும் மூன்று புனிதர்களை யாரும் பார்ப்பதில்லை.

இதற்கு நடுவில், கம்பா தீவு நெருங்கும்போது, இடப்பக்கச் சுவரில் சாய்ந்து கீழே பாருங்கள். தூணின் மேல் தனியாக ஒரு வீரன், கையில் கேடயம். புருன்ட்ஸ்விக். 30 சிலைகளின் கணக்கில் இவர் இல்லை. கேடயத்தில் பழைய நகரத்தின் சின்னம் இருக்கிறது. ஆற்றின் மேல் தங்களுக்கு இருந்த உரிமையைக் காட்ட நகரத்தார் வைத்த அடையாளம். பழைய சிலை 1648 சண்டையில் உடைந்துவிட்டது, இப்போதிருப்பது 1884-இல் லுட்விக் ஷிமெக் செய்தது.

கதையில் இவர் இளவரசர். கொடிக்குச் சிங்கம் தேடிப் புறப்பட்டு, பறக்கும் நாகத்தோடு போராடிய சிங்கம் ஒன்றைக் காப்பாற்றினார், அவர் சாகும்வரை அது கூடவே திரிந்ததாம். செக் நாட்டுச் சின்னத்தில் சிங்கம் இருப்பதற்கு ஊர்க் கதை தரும் காரணம் இது. இன்னொரு சொத்து, ஆணையிட்டால் தானே எதிரித் தலைகளை வெட்டும் கத்தி. அதை இந்தப் பாலத்துக்குள் எங்கோ வைத்துக் கட்டிவிட்டார்கள். நாட்டுக்கு மிகப் பெரிய ஆபத்து வரும் நாளில் பிளானிக் மலைக்குள் தூங்கும் வீரர்கள் எழுந்து வருவார்கள். முன்னால் வரும் புனித வாட்ஸ்லாவின் (நாட்டின் காவல் புனிதர், பாதிரியாரைக் கொன்ற அரசர் இல்லை) குதிரை பாலத்தில் இடறும். குளம்படியில் ஒரு கல் பெயரும், கீழே கத்தி. தங்கை மகன் இதைக் கேட்டுவிட்டு, ஆடும் கல் எது என்று ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு வந்தான். 1965-க்குப் பின் தளத்தைப் பெயர்த்துப் பெரிய பழுது பார்த்தார்கள், 2007-இலும் பெயர்த்தார்கள், கத்தி அகப்படவில்லை என்று சொன்னேன். “சொன்னா உங்ககிட்டயா சொல்லுவாங்க?” என்றான்.

கீழே இறங்குங்கள்

பாலத்தை முடித்துக்கொண்டு நேராகக் கோட்டைக்கு ஓடுவதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் இடப்பக்கப் படிக்கட்டில் கம்பா தீவுக்கு இறங்குங்கள். பாலத்தை அடியிலிருந்து பார்க்காவிட்டால் பார்த்ததாகவே கணக்கில்லை. வளைவின் உட்பக்கக் கற்கள் எப்படி ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நிற்கின்றன என்று இங்கேதான் தெரியும், தொட்டும் பார்க்கலாம். தீவைப் பிரிக்கும் சிறு கால்வாய்க்குச் செர்ட்டோவ்கா என்று பெயர், பிசாசின் ஓடை. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருத்தியின் வாய்க்குப் பயந்து வைத்த பெயர் என்கிறார்கள். ஆலைச் சக்கரத்தின் அருகே ஒரு குட்டி நீர்ப்பூதம் மரத்தில் உட்கார்ந்திருக்கும். செக் ஆறுகளில் மூழ்கியவர்களின் உயிரைக் கிண்ணத்தில் மூடி வைக்கிற வகை. இது சமீபத்தில் வைத்தது, பயப்பட வேண்டாம்.

மேற்குக் கரையில் இரண்டு கோபுரங்கள் இருக்கும். குட்டையானது யூதித் பாலத்தின் மிச்சம், இந்தப் பாலத்தைவிட வயசு அதிகம். உயரமானது 1464-இல் வந்தது. ஒன்றில்தான் ஏற முடியும் என்றால் தொடங்கிய பழைய நகரக் கோபுரத்துக்கே திரும்பிப் போங்கள். பாலம் நேர்கோடு இல்லை, பாம்பு மாதிரி லேசாக வளைந்து போகிறது என்பது அந்த உச்சியிலிருந்துதான் கண்ணுக்குத் தெரியும்.

இன்னும் அரை நாள் மிச்சம் இருந்தால் அசல் சிலைகளைத் தேடிப் போங்கள். சில விஷெஹ்ராட் கோட்டையின் நிலவறை மண்டபத்தில் இருக்கின்றன. 1890-இல் ஆற்றில் விழுந்த இக்னேஷியஸும் சேவியரும், ஸ்வீடன்காரர்கள் உடைத்த பழைய புருன்ட்ஸ்விக்கின் முண்டமும் தேசிய அருங்காட்சியகத்தின் லாபிடேரியம் என்ற கற்சிலைக் கூடத்தில், ஹோலெஷோவிட்சே பகுதியில். விஷெஹ்ராட் மண்டபத்துக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், உள்ளே கோடையிலும் குளிரும். லாபிடேரியம் எல்லாக் காலத்திலும் திறந்திருப்பதில்லை, டிராம் ஏறும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.